கதிர் வைத்த தொண்டை

பேசிக்கொண்டே இருந்த டாக்டர் ஷீலா பாதியில் நிறுத்திவிட்டார்.

அதுவரை அந்தச் சின்ன அறைக்குள் அவர் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், அது நின்றதும் ஏர்கோனின் உறுமலும், சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தமும், நாற்காலியில் சாய்ந்து கிடந்த அண்ணன் இருளப்பனின் கரகரத்த மூச்சும் ஒரே சமயத்தில் யோகேந்திரனின் காதில் வந்து விழுந்தன. இருளப்பனின் மூக்கு வழியாக ஒரு கறுத்த குழாய் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. அந்தக் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் ஒரு நுண்ணோக்கி. கை நரம்பில் ஏற்றிய மஞ்சள் மருந்து நீல வெளிச்சம் பட்டால் ஒளிரும், சதையை வெட்டி எடுக்காமலே ஒவ்வொரு செல்லையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம், புற்றுக்குக் கதிர் வைத்த தொண்டையில் கத்தி பட்டால் புண் லேசில் ஆறாது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று டாக்டர் சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

இடது பக்கத் திரையில் தொண்டை தெரிந்தது. ஈரமே இல்லாமல், வெந்த தோலாக. வலது பக்கத் திரையில் சாம்பல் நிறத்தில் செல்கள்.

"பினாங்குல முப்பத்தஞ்சு தடவ கதிர் வச்சிருக்காங்கல்ல அங்கிள். அதனால செல்லெல்லாம் வீங்கி, கோணல்மாணலா இருக்கும். அதுக்குப் பயப்பட வேணாம். புத்து திரும்பி வந்திருந்தா மட்டும் அது வேற மாதிரி..."

அங்கேதான் நிறுத்தினார்.

வலது திரையில் வீங்கிய செல்கள் ஒரு கோட்டோடு முடிந்துவிட்டன. கோட்டுக்கு அந்தப் பக்கம் செல்லே இல்லை. உருகி ஓடிய மெழுகு போல் ஏதோ வழவழவென்று கிடந்தது. டாக்டர் கம்பியைக் கீழே நகர்த்தினார். கோடும் கீழே போனது. இன்னும் கீழே. இன்னும். ஒரே அகலத்தில், வளைந்து, உணவுக்குழாய் பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

"அங்கிள், அண்ணன் ஏதாச்சும் குடிச்சாரா? பாத்ரூம் கழுவுற மருந்து, புல்லுக்கு அடிக்கிற ராச்சுன், அந்த மாதிரி?"

"இல்லையே டாக்டர். கஞ்சி மட்டுந்தான். வேற ஒண்ணும் இல்ல." கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டான் யோகேந்திரன்.

"கதிர்ப் புண்ணுன்னா சுத்திலும் ஒரே மாதிரி இருக்கும். இது ஊத்தி, வழிஞ்ச மாதிரி இருக்கு லா." டாக்டர் படங்களைச் சேமித்தார். "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

குழாய் மூக்கில் இருந்தபடியே இருளப்பன் கண்ணை மட்டும் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து சுங்கை லாலாங்கில் இருக்கும் வீட்டுக்குப் போகும் சாலையில் வெயில் பொரிந்துகொண்டிருந்தது. காடியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் அண்ணன். ஏற்றிய மருந்தில் முகம் மஞ்சளாகி, கண்ணின் வெள்ளை கூட மஞ்சளாகியிருந்தது. சிடாம் கிரி பக்கம் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த காலத்தில் இந்த மனிதர் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசி லயத்து வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் கூட எழுந்து நிற்பாள். அந்தக் குரல்தான் இப்போது போய்விட்டது. குரல்வளையில் புற்று, முப்பத்தைந்து கதிர், அதோடு முடிந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். சொல்ல வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார்.

குரல் போன அன்றைக்கு யோகேந்திரன் வெளியில் வருத்தப்பட்டான். உள்ளுக்குள் வேறொன்று இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்நாளில் முதல்முறையாக, வீட்டில் யாரும் அவனை அதட்டவில்லை.

பீடோங் சந்திப்பைத் தாண்டியபோது அந்த வாடை வந்தது.

முதலில் டீசல் என்று நினைத்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அவன் சட்டையில் டீசல் வீசுவது புதிதல்ல. ஆனால் இது டீசல் இல்லை. குமட்டலும் காரமும் கலந்த, மூக்கின் மேல் எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. புல்லுக்கு அடிக்கிற மருந்து. அந்த நீலப்பச்சைத் தண்ணீரை யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரனே கலந்து விடுகிற நாற்றம். அரசாங்கம் அந்த மருந்தை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. அவன் அதை முகர்ந்தும் இருபத்திரண்டு வருஷம்.

கண்ணாடியை இறக்கினான். காற்று அடித்தது. வாடை போகவில்லை. அண்ணன் மூச்சு விட்டார். கூடியது. மூச்சை இழுத்தார். குறைந்தது.

அன்று சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்த ரூபினி கைப்பையைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க, சித்தப்பா?"

"சூடா கஞ்சி குடிச்சிட்டாராம். அதான் புண்ணு."

ரூபினி இருளப்பனின் ஒரே மகள். நாலு வயதில் தாயை இழந்தவள். அவளுக்குத் தலை சீவிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கல்யாணமே செய்துகொள்ளாத யோகேந்திரன்தான். தாய் தேவகி ராச்சுன் குடித்துச் செத்துப்போனாள் என்பது அவளுக்குத் தெரியும். தாயின் போட்டோவைக் கூட அவள் வீட்டில் மாட்ட விட்டதில்லை. "என்னைய வேணாம்னு போனவங்களுக்கு எதுக்கு மாலை?" என்று பதினைந்து வயதில் ஒருநாள் கேட்டாள். அப்போது யோகேந்திரன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

நாலாம் நாள் இருளப்பனின் கீழுதடு வெந்தது.

கதிர் வைத்தது கழுத்துக்கு. உதட்டுக்கு யாரும் வைக்கவில்லை. ஆனாலும் உதட்டில் தொடங்கிய புண் இரண்டு கோடுகளாகத் தாடையில் இறங்கி, கழுத்தைத் தாண்டி, நெஞ்சு மயிருக்குள் போனது. வாயில் கொள்ளாமல் வழிந்த மாதிரி. ரூபினி கத்தாழையைக் கீறித் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தவள் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு கையை.

"சித்தப்பா. இங்க வாங்க."

இரண்டு மணிக்கட்டிலும் கன்றிப்போன கறுப்பு. ஒரு பக்கம் பெருவிரலின் தடம், மறுபக்கம் நான்கு விரல்களின் தடம். அழுத்திப் பிடித்த பிடி. வலது மணிக்கட்டில் மட்டும் ஆள்காட்டி விரலின் தடம் பாதியில் முடிந்திருந்தது.

யோகேந்திரனின் வலது கை ஆள்காட்டி விரலில் பாதிதான் உண்டு. மீதியை இருபது வயதில் ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷின் எடுத்துக்கொண்டது.

ரூபினி தடத்தைப் பார்த்தாள். அவன் விரலைப் பார்த்தாள்.

"அப்பாவ அடிக்கிறீங்களா?"

"என்னம்மா பேசுற? நான் எதுக்கு..."

"நான் வேலைக்குப் போனதும் இவர என்ன செய்றீங்க நீங்க?" அவள் குரல் உயரவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இருளப்பன் நோட்டை இழுத்தார். எழுதி, மகளிடம் காட்டாமல், தம்பியிடம் மட்டும் நீட்டினார்.

*தூங்கும்போது என் கையைப் பிடிக்காதடா.*

ரூபினி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம், அண்ணன் கண்ணயர்ந்திருக்கையில் யோகேந்திரன் அவர் கட்டிலோரம் மண்டியிட்டான். வேண்டாம் என்று ஒரு மனம் சொல்லச் சொல்ல, கையை நீட்டி அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தான். பெருவிரல் பொருந்தியது. நடுவிரல் பொருந்தியது. பாதி விரல் பாதித் தடத்தில் போய் உட்கார்ந்தது. தடம் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல.

அண்ணன் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் யோகேந்திரன் லோரியோடு செம்பனை ஆலை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டே முக்கால் இருக்கும். போன் அடித்தது. அண்ணன் நம்பர். பேச முடியாத மனிதர் எதற்கு அடிக்கிறார்?

"அண்ணே?"

மறுபக்கம் பேச்சு இல்லை. ஏதோ மடக்மடக்கென்று இறங்கும் சத்தம். ஒரு வாய். இன்னொரு வாய். நடுவில் திணறல். மறுபடி ஒரு வாய்.

லோரியை அப்படியே போட்டுவிட்டு, கூட வேலை செய்கிறவனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு பறந்தான். தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகள் வெயிலில் வாய்மூடிக் கிடந்தன. எதிர்வீட்டுத் துணிகள் கம்பியில் அசையாமல் தொங்கின. கேட் உள்ளே பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியபோதே வாடை முகத்தில் அறைந்தது. ஹாலில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. போன் தரையில் கிடந்தது. சமையலறைப் பக்கம் காலால் தரையை உதைக்கும் சத்தம்.

வாசலிலேயே நின்றுவிட்டான்.

இருளப்பன் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் பின்னுக்கு முறுக்கப்பட்டு, தோள்பட்டை பிதுங்கி, மணிக்கட்டுகள் இடுப்புக்குப் பின்னால் சேர்ந்திருந்தன. யாரும் கட்டவில்லை. கயிறு இல்லை. தலை பின்னால் சாய்ந்து, தாடை இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கி, வாய் மீன் வாயாகக் குவிந்து திறந்திருந்தது. கன்னத்துச் சதையில் ஐந்து குழிகள். அழுத்தும் விரல்கள் மட்டும் தெரியவில்லை.

தொண்டை விழுங்கியது. ஒன்றுமே இல்லாததை விழுங்கியது. தாடையில் புதிதாக ஒரு கோடு சிவந்து, கொப்பளித்து, வெடித்து, கண்ணெதிரிலேயே கழுத்துக்கு இறங்கியது.

இது அவனுக்குத் தெரிந்த கோலம். இதே மாதிரி ஒரு சுவர். இதே மாதிரி ஒரு மத்தியானம். அன்றைக்குக் குழந்தை ரூபினி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருந்தாள். அண்ணி தேவகி துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளையோடு கூலிமுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன், போகிற வழியில் போலீசில் உடம்பைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். அவள் உடம்பில் காட்டுவதற்கு நிறைய இருந்தது. அண்ணன் பின்பக்கம் போய் ஒரு தகரக் குவளையோடு திரும்பி வந்தார். "பிடிடா" என்றார். யோகேந்திரனுக்கு அப்போது முப்பது வயது. அந்தக் குரலுக்கு அவன் கை தானாகப் போகும். அண்ணியின் கைகளைப் பின்னால் முறுக்கிச் சுவரோடு அழுத்திப் பிடித்தான். குவளையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று இருபத்திரண்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். தெரியும். வாடை வந்தது. வாடை வந்த பிறகும் அவன் கையை விடவில்லை.

அவள் உடனே சாகவில்லை. பதினோரு நாள் கிடந்தாள். வாயும் தொண்டையும் வெந்து, ஒரு சொல் வரவில்லை. போலீஸ்காரர் கட்டிலோரம் நின்று கேட்டபோது யோகேந்திரன்தான் பதில் சொன்னான். "அண்ணியே குடிச்சிட்டாங்க." அவள் முன்னாலேயே சொன்னான். அவள் மேல்கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தான். அண்ணனின் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தான். இரும்பை இழுப்பது போல் இருந்தது. அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். எலும்பு நறுக்கென்றது. சட்டென்று பிடி விட்டது.

இருளப்பன் தரையில் விழுந்தார். இருமினார். ரத்தம் சிதறியது. தலையைத் தூக்கினார். தன் கையைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தார்.

அடுத்த கணம் அவர் கைகள் யோகேந்திரனின் கழுத்தில் இருந்தன.

அறுபது வயது நோயாளியின் கைகள் இல்லை அவை. மண்டோரின் கைகள். யோகேந்திரனின் பின்மண்டை அடுப்புத் திண்டில் மோதியது. கண்ணுக்குள் வெளிச்சம் சிதறியது. மேலே அண்ணனின் வெந்த வாய் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடியது. நீதானடா. நீதானடா. நீதானடா. ஒவ்வொரு முறையும் ரத்தத் துளிகள் முகத்தில் விழுந்தன. மூச்சு அடைத்தது. யோகேந்திரனின் கை மேலே துழாவியது. வாணலியின் காது தட்டுப்பட்டது. இழுத்தான். அடித்தான். பல் உடையும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை அடித்தான். தேவையே இல்லாமல் மூன்றாவது முறையும் அடித்தான்.

"சித்தப்பா!"

ரூபினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நம்பரிலிருந்து போன் போயிருந்தது.

அரை மணி நேரத்தில் அவர்கள் டாக்டர் ஷீலாவின் அறையில் இருந்தார்கள். ரூபினிதான் காடி ஓட்டினாள். இருளப்பன் வாயில் அழுத்திப் பிடித்த துண்டு இரண்டு முறை நனைந்து மாறியது. அவர் உடைந்த பற்களைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தார். என்ன நடந்தது என்று அப்புறம் கேட்கிறேன், முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், கதிர் வைத்த கழுத்து, பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில்தான் ஓடுகிறது என்றார். நர்ஸை ரத்தம் ஏற்பாடு செய்ய அனுப்பினார். மஞ்சள் மருந்தை ஏற்றினார். குழாயை மூக்கில் வைத்தார்.

இருளப்பன் துள்ளினார். குழாய் தெறித்தது.

"அங்கிள், அவர் கையைப் பிடிச்சுக்கோங்க."

"மாட்டேன்."

"அங்கிள், ப்ளீஸ்."

"என்னால முடியாது டாக்டர். வேற யாரையாச்சும் கூப்பிடுங்க."

ரூபினி அவனைத் தாண்டிப் போனாள். "நான் பிடிக்கிறேன்." குனிந்து அப்பாவின் கைகளைப் பற்றினாள். இருளப்பன் கையை உதறிய வேகத்தில் முழங்கை அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. அவள் சுவரில் மோதி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"பிடிங்க அங்கிள்!"

பிடித்தான்.

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்து, மணிக்கட்டில் பிடித்தான். விரல்கள் அந்தந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தன. அவன் தேடவில்லை. அவையே போயின.

அண்ணன் அடங்கினார். ஒரு அசைவு இல்லை.

"குட். அப்படியே இருங்க." டாக்டர் குழாயை இறக்கினார். இடது திரையில் மூக்கின் உட்பக்கம், அண்ணம், அப்புறம் தொண்டை. வலது திரையில் சாம்பல் பரப்பு. செல் இல்லை. கம்பியை இந்தப் பக்கம் நகர்த்தினார். இல்லை. அந்தப் பக்கம். இல்லை. "எப்படி இது?" என்று தனக்குள் முணுமுணுத்தார். "ரெண்டு வாரம் கூட ஆகல. ஒரு செல்லு கூட மிச்சமில்ல லா..."

"ரூபினி."

அறைக்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

பெண் குரல். டாக்டர் குரல் இல்லை. டாக்டரின் வாய் மூடியிருந்தது. ரூபினி சுவரோரம் இருந்தபடி தலையைத் தூக்கினாள். குரல் நாற்காலியிலிருந்து வந்தது. திறந்து கிடந்த அந்த வெந்த வாயிலிருந்து வந்தது. ஆனால் இடது திரையில் இரண்டு குரல் நாண்களும் காய்ந்த தோல் துண்டுகளாக விறைத்து நின்றன. அசையவே இல்லை.

"அவரால பேச முடியாதே..." டாக்டர் திரையையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா. அம்மா தானா குடிக்கலம்மா."

யோகேந்திரன் கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் வரவில்லை.

"அப்பா ஊத்துனாரு." குரல் பொறுமையாக, பிள்ளைக்குச் சோறூட்டும்போது பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கையப் புடிச்சிக்கிட்டாங்க. அதான்மா என்னால துப்ப முடியல."

வலது திரை கறுத்தது. இடது திரை சிவந்தது.

இருளப்பனின் கழுத்துக்குள் ஏதோ அறுந்தது. ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் பீறிட்டது. டாக்டரின் முகத்தில் அடித்தது. திரைகளில் அடித்தது. விளக்கில் அடித்து அறையே சிவப்பாயிற்று. டாக்டர் குழாயை உருவி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் கழுத்தை அழுத்தினார். விரல் இடுக்கில் பொங்கி வந்தது. உதவி கேட்டுக் கத்தினார். அண்ணனின் குதிகால்கள் நாற்காலியில் தடதடத்தன. ஒரு துடிப்பு. இன்னொன்று. அத்தனை நேரமும் யோகேந்திரன் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவர் வாயைப் பொத்த முடியவில்லை. கழுத்தைத் தொட முடியவில்லை. துடித்துத் துடித்து, வழிந்து, தலை தொங்கியது.

அப்புறம்தான் விரல்கள் விட்டன.

டாக்டர் ஆட்களைக் கூப்பிட வெளியே ஓடினார். கதவு தானாக மூடிக்கொண்டது.

ரூபினி எழுந்திருக்கவில்லை. முகத்தில் அவள் ரத்தமும் அப்பாவின் ரத்தமும் கலந்திருந்தன. இருபத்திரண்டு வருஷம் தலை சீவிவிட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையப் புடிச்சது நீங்களா சித்தப்பா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. காற்று வந்தது. மறுபடி முயன்றான். காற்று. கழுத்தைத் தடவிக்கொண்டான். எச்சிலைக் கூட்டி விழுங்கினான்.

எதிரே ஏதோ அசைந்தது.

இடது திரை. அதன் மேல் ரத்தம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் தரையில் கிடந்தது, நுனி சுவர்ப் பக்கம் திரும்பி. திரையில் சுவர் இல்லை. தரை இல்லை. ஒரு தொண்டை இருந்தது. ஈரமாக. இளஞ்சிவப்பாக. உயிரோடு.

அவன் விழுங்கினான். அது விழுங்கியது.

மூச்சைப் பிடித்தான். அது நின்றது.

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அசையாமல்.

யோகேந்திரன் வாயை இறுக மூடிக்கொண்டான். பல்லோடு பல் நெரிய மூடிக்கொண்டான். திரையில், தொண்டைக்கு மேலே, ஒரு வாய் மெல்லத் திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ரூபினியின் ஜாடை. ரூபினி இல்லை. அண்ணி.

அந்த முகம் இன்னும் கொஞ்சம் குனிந்து, உள்ளே பார்த்தது.